மியூனிக் சம்பளமும் வியன்னா வாடகையும்: கேள்வி பதில்

கேள்வி: வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறார்களே, ஐரோப்பாவில் அது நடக்கிற காரியமா?

பதில்: ஊரைப் பொறுத்தது. வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவதை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாடகை போன்ற குடியிருப்புச் செலவுக்கே போனால், தாங்க முடியாத சுமை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் கணக்கில் எழுதுகிறது.

கேள்வி: அண்ணா, மியூனிக்கில் ஒரு வேலை, வியன்னாவில் ஒரு வேலை. மியூனிக்கில் சம்பளம் அதிகம். அதுதானே லாபம்?

பதில்: அவசரப்படாதீர்கள். ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான பெருநகரம் மியூனிக். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது ‘குளிர் வாடகை’. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பைச் செலவெல்லாம் அதற்கு மேல். முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகை வரை கேட்கலாம். அங்கே நான் முதலில் பார்த்த வீட்டில், சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாவற்றையும் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். திருட்டு இல்லை, ஊர் வழக்கம்!

கேள்வி: வியன்னாவில் மட்டும் எப்படி வாடகை கட்டுப்படியாகிறது?

பதில்: நகராட்சியே நூறு ஆண்டுகளாக வீடு கட்டுகிறது. 1923இல் நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் வீட்டுவரி ஒன்றைக் கொண்டுவந்தார். மாளிகைக்காரர்களுக்குக் கடுமையான வரி, தொழிலாளி வீட்டுக்குப் பெயரளவில். அந்தப் பணத்தில் எழுந்தவற்றுள் ஒன்றுதான் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், சுமார் 1,380 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்கில்கூடக் கட்டடம் இல்லை. மீதியெல்லாம் முற்றமும் தோட்டமும். இன்று நகராட்சிக்குச் சுமார் 2,20,000 வீடுகள் சொந்தம். லாபத்துக்கு வரம்பு வைத்து வீடு கட்டும் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால், ஏறத்தாழப் பாதி நகரம் இவற்றில்தான் குடியிருக்கிறது. குடியேறும்போதுதான் வருமான வரம்பு பார்ப்பார்கள். பிறகு சம்பளம் உயர்ந்தாலும் காலி செய்யச் சொல்வதில்லை.

ஆனால் நீங்கள் போய் இறங்கியதும் அது கிடைக்காது. விண்ணப்பிக்கவே இரண்டு ஆண்டுகள் வியன்னாவில் பதிவு செய்து வசித்திருக்க வேண்டும்; குடியுரிமை, விசா நிபந்தனையும் உண்டு. அதுவரை தனியார் வீடுதான். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு உச்சவரம்பு போட்டால் போதாதா?

பதில்: ஜெர்மனியில் தனி மாநிலமாகவும் இருக்கும் பெர்லின் நகரம் 2020இல் போட்டது. மாநிலத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2021 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவரை குறைத்துக் கட்டியிருந்த தொகையைப் பலர் பாக்கியாகக் கட்டினார்கள்.

கேள்வி: லிஸ்பனில் செலவு குறைவாமே?

பதில்: வெளிநாட்டுச் சம்பளத்தோடு போகிறவருக்குக் குறைவு. 2024இல் போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 820 யூரோ. நகர மையத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகைக்கே அது போதாது.

கேள்வி: ருமேனியாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொந்த வீட்டில் இருக்கிறார்களாம். அங்கே பிரச்சினையே இருக்காதே?

பதில்: 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த பிறகு அரசு வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்றுவிட்டார்கள். அதனால் வந்த கணக்கு அது. வீட்டுக்குள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்: இட நெருக்கடியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்வரிசையில் இருக்கும் நாடு அது.