‘ஷி கோ’ என்று எழுதும் மகள்

கேள்வி: திருவட்டாறு பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறார். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் நாலாம் வகுப்பு. ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’, ‘ஷி கோ’ என்றே எழுதுகிறாள். கிராமர் புத்தகம் வாங்கிச் சொல்லிக்கொடுத்தால் தினமும் அழுகையில்தான் முடிகிறது. நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். என்னால் முடியுமா, டியூஷனுக்கு அனுப்பட்டுமா?

பதில்: உங்களால் முடியும். அந்தப் புத்தகத்தை மட்டும் ஒரு மாதம் எடுத்து வைத்துவிடுங்கள்.

உங்கள் மகள் கவனமில்லாமல் எழுதவில்லை. தமிழில் யோசித்து எழுதுகிறாள். ‘நான் நாலாம் வகுப்பு’ என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் முடியாது. அந்த இடத்தை நிரப்பத்தான் ‘ஆம்’. தன்னை அறிமுகப்படுத்த ‘ஐ ஆம்’ என்று முதலிலேயே படித்துவிட்டதால், ஐயும் ஆமும் ஒட்டிப் பிறந்தவை என்று நினைத்துக்கொள்கிறாள். ‘கோ’ வந்துவிட்டால் ‘ஆம்’ வேண்டாம். ‘கோயிங்’ என்றால் வேண்டும். இதைச் சொல்லுங்கள், போதும்.

‘ஷி கோ’வுக்கு வருவோம். போகிறேன், போகிறாய், போகிறாள் என்று நாம் ஆளுக்கு ஆள் வினையின் வாலை மாற்றுகிறோம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படிப் பல வால்கள் இருந்தன. தேய்ந்துபோய், நிகழ்காலத்தில் இன்று ‘கோஸ்’ என்பதில் வரும் அந்த ‘ஸ்’ ஒன்றுதான் மிச்சம். ஹி, ஷி, இட் வந்தால் அது வந்தே தீரும். இதற்கு உங்கள் வீட்டு விடியற்காலையே பாடம். ‘ஐ கெட் அப் அட் சிக்ஸ். அப்பா கெட்ஸ் அப் அட் த்ரீ.’ பட்டையைச் சீவியதும் பால் வழிந்து சிரட்டையில் சொட்டுகிறதே, அது ‘த லேடெக்ஸ் டிரிப்ஸ்’. ரப்பர் பாலுக்கு ஆங்கிலத்தில் லேடெக்ஸ் என்று பெயர். தினமும் நடப்பதையெல்லாம் இப்படியே சொல்லலாம். ‘அப்பாவைப் போய் ஹி என்பதா’ என்று பிள்ளை தயங்கினால், ஆங்கிலத்தில் அது மரியாதைக் குறைவு இல்லை என்று சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் உண்டு.

எ, அன் குழப்பம் அடுத்து வரும். அதற்குப் பயப்படவே வேண்டாம், தமிழில் அதே விதி இருக்கிறது: ஒரு மாடு, ஓர் ஆடு. உயிரெழுத்துக்கு முன்னால் ஓர். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘அவர்’ என்று அ-வில் தொடங்குவதால் ‘அன் அவர்’. ‘யுனிவர்சிட்டி’ யு-வில் தொடங்குவதால் ‘எ யுனிவர்சிட்டி’. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் தப்பாகும், காதால் கேட்டால் தப்பாது.

இறந்த காலத்துக்குக் கன்னியாகுமரி இருக்கிறது. 133 அடி வள்ளுவர் சிலை இன்றும் நிற்கிறது, ‘ஸ்டாண்ட்ஸ்’. அதைத் திறந்தது 2000 ஜனவரி 1-ல், அதனால் ‘ஓபன்ட்’.

அழுகையைப் பற்றி. பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘ஷி கோ’ என்றால், ‘ஆமா மக்களே, ஷி கோஸ்’ என்று சரியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். எழுத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள், மற்றது நாளைக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

டியூஷன் இப்போது வேண்டாம். அப்பாவின் வேலையைப் பற்றி அவளை மூன்று வரி எழுதச் சொல்லி, சாயங்காலம் அவரிடமே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.