செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால்

கடிதம் முழுக்க, அப்பாவின் முதுகெலும்புத் தொற்றுக்கு நுண்துளை அறுவை சிகிச்சையா, முதுகைத் திறந்து செய்வதா என்றே கேட்டிருக்கிறீர்கள். நான் கடைசி வரியில்தான் நின்றேன்: “ஒரு வாரமாக நடக்கும்போது அப்பாவின் செருப்பு கழன்றுவிடுகிறது, அவருக்கே தெரிவதில்லை. சர்க்கரையால்தானே?”

இல்லை. எம்.ஆர்.ஐ.யில் நடுமுதுகின் இரண்டு எலும்புகளில் தொற்று, சீழ், காசநோயாக இருக்கலாம் என்று வந்த பிறகு, இதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதக் கூடாது. முதுகெலும்புக்குள் ஓடி, காலுக்கு நரம்புகளை அனுப்பும் தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திராமல் தொலைபேசியில் அழைத்து, அன்றே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னேன். கால் பின்னுவது, படி இறங்கும்போது முழங்கால் மடங்குவது, சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். கால் முழுவதும் விழுந்த பிறகு வருகிறவர்களில் சிலரை எங்களால் பழையபடி நடக்கவைக்க முடிவதில்லை.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தண்டுவடத்தை அழுத்துவது சீழா, எலும்புத் துண்டா?” தண்ணீர் போன்ற சீழ், எலும்பு பெரிதாக நொறுங்கவில்லை என்றால், சிறு துளைகள் வழியே சீழை எடுத்து, தோல் வழியாகவே எலும்பைப் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ பொருத்திவிடலாம். முதுகுத் தசையைப் பிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. ரத்த இழப்பு குறைவு. சீக்கிரம் எழுந்து உட்காரலாம். புண் ஆறத் தாமதமாகும் சர்க்கரை நோயாளிக்கு இது பெரிய உதவி. ஆனால் எலும்பு இடிந்து முதுகு கூன ஆரம்பித்திருந்தாலோ, கெட்டியான கழிவும் எலும்புச் சில்லுகளும் தண்டுவடத்தில் குத்திக்கொண்டிருந்தாலோ, திறந்து கண்ணால் பார்த்து எடுப்பதுதான் சரி. தழும்பு சிறியதாக இருக்கட்டும் என்று பாதியை உள்ளே விட்டுவிட்டு, மறுபடி மேசையில் ஏற்றுவதில் யாருக்கு லாபம்?

தொற்று என்றாலே கத்தி என்பதும் தவறு. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் பங்கேற்ற ஆய்வில், முதுகெலும்புக் காசநோயாளிகளில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும், மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடியவர்களையும் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1999இல் வெளியான முடிவில், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் பின்தங்கிவிடவில்லை. ஆனால் நடக்கவே முடியாத அளவுக்குக் கால் பலவீனமானவர்களை அதில் சேர்க்கவில்லை. உங்கள் அப்பா அந்த நிலைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் அவசரம்.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. மருந்துக்கடையில் கேட்டுப் பத்து நாள் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மருந்து தனியாகக் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அமுக்கும், முழுதாகக் கொல்லாது. பிறகு பரிசோதனைக்காக எலும்பிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்தாலும் ஆய்வகத்தில் கிருமி வளராமல் போகலாம். என்ன கிருமி என்று தெரியாவிட்டால் எந்த அறுவை சிகிச்சையும் பாதி சிகிச்சைதான். இருக்கும் மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துப்போய் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். எடுத்த சீழில் சிபிநாட் என்ற மரபணுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். காசநோயா, அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மற்ற பயங்களுக்குச் சுருக்கமாக: டைட்டானியம் ஸ்க்ரூ துருப்பிடிக்காது; தொற்று உள்ள எலும்பிலும் வைக்கலாம். முதுகெலும்புக் காசநோய் மட்டும் இருந்தால் பேரக்குழந்தைகளுக்கு ஒட்டாது, தட்டு டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டாம். நுரையீரலிலும் இருக்கிறதா என்று ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். “முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்” என்ற அந்த யூடியூப் காணொளியை அப்பாவுக்குக் காட்டாதீர்கள். அவர் படுக்கையில் விழாமல் இருக்கத்தான் இந்த அறுவை சிகிச்சையே.

காசநோய்தான் என்று உறுதியானால், எந்த முறையில் செய்தாலும் காசநோய் மாத்திரை ஏறக்குறைய ஓராண்டு உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். மூன்றாவது மாதத்தில் பெரும்பாலும் வலி போய்விடும். அப்போதுதான் பலர் நிறுத்துகிறார்கள். அந்த மாதம் நீங்கள் அவர் பக்கத்தில் இருங்கள்.