வசனம் கேட்கணுமா, வீடு அதிரணுமா?

கேள்வி: திண்டுக்கல்லில் வாடகை வீடு. ஹால் 10-க்கு 14 அடி, டைல்ஸ் தரை. 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி. எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. ஓடிடியில் படம் போட்டால் வசனம் புரியவில்லை என்று அம்மா சவுண்டைக் கூட்டுகிறார். சண்டைக் காட்சி வந்ததும் மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனருக்குப் பயந்து குறைக்கிறோம். பட்ஜெட் 25,000 ரூபாய். கடையில் 10,000 வாட்ஸ் டவர், அட்மாஸ் சவுண்ட்பார், 5.1 செட் என்று மூன்றைக் காட்டுகிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: டவரை முதலில் கழித்துவிடுங்கள். அந்த 10,000 பி.எம்.பி.ஓ. கணக்கு, அதாவது கண்ணிமைக்கும் நேர உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்வது. அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அட்டைப்பெட்டி அச்சடிப்பவரின் மனசுதான். பெட்டியின் பின்னால் ஸ்டிக்கரில் பவர் கன்சம்ப்ஷன் எவ்வளவு என்று பாருங்கள். கரன்ட்டில் 60 வாட்ஸ் இழுக்கும் பெட்டி 10,000 வாட்ஸை எங்கிருந்து கொண்டுவரும்? அசெம்பிள் செட் போட்டவர்களுக்கெல்லாம் 4440 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி தெரியும். ஸ்டீரியோவில் சேனலுக்குச் சுமார் 6 வாட்ஸ், இரண்டு சேனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் பண்ணினால் 19. அதை வைத்தே தெருவை எழுப்பியவர்கள் உண்டு. உங்கள் ஹாலுக்கு சேனலுக்கு 20, 30 நிஜ வாட்ஸ், அதாவது ஆர்.எம்.எஸ்., தாராளம்.

அம்மாவுக்குக் குறை வாட்ஸில் இல்லை, சென்டர் ஸ்பீக்கரில் இருக்கிறது. 5.1 மிக்ஸில் (ஐந்து ஸ்பீக்கருக்கும், பேஸுக்கான ஒரு சப்-ஊஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலி) வசனத்தின் பெரும்பகுதி நடு சேனலில்தான் போகும். டிவியில் இருப்பதோ கீழே பார்த்த இரண்டு சின்ன ஸ்பீக்கர். பின்னணி இசை, இடி, குரல் எல்லாம் அதற்குள் கலந்து வருவதால் குரலை மட்டும் தூக்க வழியில்லை. தனி சென்டர் இருந்து, அதன் லெவலை மட்டும் கூட்டும் வசதியும் ரிமோட்டில் இருந்தால் 2, 3 டெசிபல் ஏற்றினாலே போதும்.

ஆகவே கடையில் எண்களைப் படியுங்கள். 2.1 என்றால் சென்டர் கிடையாது. 3.1-ல் உண்டு. 5.1-ல் பின்னால் இரண்டு கூடுதல். மூன்றாவது எண் வந்தால், உதாரணமாக 3.1.2, அதுதான் கூரையைப் பார்த்த ஸ்பீக்கர். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் முறை) என்று ஸ்டிக்கர் ஒட்டி வெறும் 2.1 என்று போட்டிருந்தால், மேலிருந்து வருவதுபோல் ஒரு பாவனை மட்டுமே. உங்கள் பணத்துக்கு அது வேண்டாம்.

எங்கள் தேர்வு: சென்டர் உள்ள பார், தனி சப்-ஊஃபர், இரண்டு தனி ரியர் ஸ்பீக்கர் கொண்ட 5.1 செட். பெயர் தெரிந்த கம்பெனியிலேயே உங்கள் பட்ஜெட்டுக்குள் பார்க்கலாம். ‘ஒயர்லெஸ் ரியர்’ என்றால் ஏமாறாதீர்கள். பல செட்டில் பின்னால் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) பெட்டி இருக்கும். அதற்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒயரும் போகும். பின்னால் ஒயர் இழுக்கவே முடியாது என்றால் நல்ல 3.1 பார் போதும். ஏவி ரிசீவர் (தனியாக வாங்கும் ஸ்பீக்கர்களை இயக்கும் பெரிய ஆம்ப்) ஆசை இருந்தால் தள்ளிப்போடுங்கள். ரிசீவரே பட்ஜெட்டை விழுங்கிவிடும், ஸ்பீக்கருக்கு மிஞ்சாது.

மாட்டும்போதுதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ப்ளூடூத்தில் இணைத்தால் ஸ்டீரியோதான் வரும், உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போகவும் வாய்ப்புண்டு. டிவியில் ஏ.ஆர்.சி. (டிவியின் சத்தத்தை பாருக்கு அனுப்பும் வழி) என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும். பக்கத்துத் துளையில் செருகினால் சத்தமே வராது. பிறகு டிவி மெனுவில் சி.இ.சி.யை, அதாவது டிவியும் பாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வசதியை, ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அடுத்து மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டைப் பாருங்கள். அது பி.சி.எம். என்று இருந்தால் ஏ.ஆர்.சி. வழியாக இரண்டு சேனல்தான் போகும். ஐந்து ஸ்பீக்கர் வாங்கியும் பலன் இல்லை. ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூ (வந்த ஒலியை அப்படியே பாருக்கு அனுப்புவது) வையுங்கள். யூடியூப்பில் வருவதும் டிவி சேனல்களும் பெரும்பாலும் ஸ்டீரியோதான், அதில் பின்னால் சத்தம் வரவில்லை என்று செட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

பாரை டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் தள்ளிவைக்காதீர்கள், குரல் பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். தட்டின் முன்விளிம்போடு ஒட்டி நிறுத்துங்கள். சோபாவைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னால் இழுங்கள். ரியர் ஸ்பீக்கர்கள் சோபாவின் இரு பக்கமும், சற்றே பின்தள்ளி, காது மட்டத்துக்கு ஓரிரு அடி மேலே இருக்கட்டும். ஒயர் போதாமல் ஒட்டுப் போட்டால் கோடு போட்ட இழையைக் கோடு போட்ட இழையோடே சேருங்கள். மாறிப்போனால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. பிரிந்த செம்பு இழை ஒன்று மற்றதைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, ஆம்ப் ப்ரொடெக்‌ஷனுக்குப் போய்விடும்.

சப்-ஊஃபரை மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். அதைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, முன்பக்கச் சுவரோரம் குனிந்து நடந்து பாருங்கள். எங்கே நின்றால் பேஸ் இரையாமல் ஒவ்வொரு அடியாகத் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஒருமுறை கை தட்டியும் பாருங்கள். ‘டிங்’ என்று எதிரொலித்தால் டைல்ஸின் வேலை. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் துணித் திரை. பல வீடுகளில் வசனம் தெளிவதற்கு இதுவே பாதி வழி.

ஹவுஸ் ஓனர் விஷயம்: சப்-ஊஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள், தரைக்கு இறங்கும் அதிர்வு கொஞ்சம் குறையும். காற்றில் போகும் பேஸ் இதனால் நிற்காது, அதற்கு லெவலைத்தான் குறைக்க வேண்டும். ராத்திரியில் நைட் மோட் ஆன் செய்தால் வெடிச்சத்தம் அமுங்கி, மெல்லிய பேச்சு மேலே வரும். அந்தப் பட்டன் ரிமோட்டில் இருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.