ரோட்டரி இன்ஜின் பாதி த்ராட்டிலுக்கு மேல் திணறினால் முதலில் எதை அளக்க வேண்டும்?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி இன்ஜினை, நீங்களே கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தில் பொருத்தியிருக்கிறீர்கள். ஐடிலிலும் மிதமான வேகத்திலும் சீராக ஓடும் இன்ஜின், த்ராட்டிலைப் பாதிக்கு மேல் தள்ளும்போது ஏறக்குறைய ஒரே இடத்தில் திணறுகிறது, நடுங்குகிறது, சுழற்சி விழுகிறது. கன்ட்ரோலரின் மேப்பில், அதாவது எந்த நிலையில் எவ்வளவு எரிபொருள் என்று சொல்லும் அட்டவணையில், அந்த இடத்துக்கு எரிபொருளைக் கூட்டினால் அன்றைக்குச் சரியாகிறது. இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே திணறல். பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் புதிதாக வாங்கி மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். மேப்பிலும் கை வைக்க வேண்டாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டரின் பிளக் வரை உண்மையில் எத்தனை வோல்ட் வந்து சேருகிறது என்று அளந்துவிட்டு மற்றவற்றை யோசியுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், ஏறத்தாழ இதே கோளாறோடு நாங்கள் மூன்று மாதம் போராடியிருக்கிறோம் என்பதுதான்.

நான் கடலூர் சிப்காட்டில் ஓர் இரசாயன ஆலையின் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். என் மைத்துனர் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இருவரும் சேர்ந்து கட்டும் விமானம் தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலுக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு கொட்டகையில் நிற்கிறது. பறப்பதற்கு, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-வின் அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே நான் இங்கே எழுதுவது முழுவதும், வாலைக் கான்கிரீட் தூணில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, புரொப்பெல்லரோடு தரையில் ஓட்டிப் பார்த்ததில் கற்றது.

திணறல் ஏன் ஒரே இடத்தில் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழல்வது முக்கோண வடிவ ரோட்டர்; 13பி-யில் இரண்டு. மையத் தண்டு ஒரு முறை சுற்றும்போதே ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை எரிப்பை முடித்துவிடுகிறது. தண்டு நிமிடத்துக்கு 5000 முறை சுற்றுகிறதென்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 12 மில்லி விநாடிதான். அந்த ரோட்டருக்கு வேண்டிய பெட்ரோல் முழுவதையும் இன்ஜெக்டர் அதற்குள் கொடுத்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 460 சிசி பாயக்கூடிய இன்ஜெக்டர், ரோட்டருக்கு ஒன்றாக இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மூடாமலே திறந்து கிடந்தாலும் மணிக்குச் சுமார் 55 லிட்டர்தான் தரும். 160 குதிரைத்திறன் அளவுக்கு இழுக்கும் இன்ஜின் மணிக்கு 50 லிட்டருக்கு மேல் கேட்கும். அதனால்தான் ரோட்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வைத்து, குறைந்த சுமையில் முதல் தொகுதியை மட்டும் இயக்கி, மெனிஃபோல்ட் (காற்று உள்ளே போகும் குழாய்) அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் இரண்டாவது தொகுதியையும் சேர்த்துத் திறக்கிறார்கள். உங்கள் இன்ஜின் திணறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தொகுதி வந்து சேரும் இடத்தில்தான் இருக்கும். கன்ட்ரோலரில் அந்த வரம்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, வரம்பைச் சற்று மேலே நகர்த்தி ஒரு முறை ஓட்டுங்கள். திணறலும் கூடவே நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இனி வருவது, நான் புரிந்துகொள்ளத் தாமதித்த விஷயம். இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுத்ததும் அது உடனே திறந்துவிடுவதில்லை. ஊசி எழுந்து பெட்ரோல் பாயத் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மில்லி விநாடி வீணாகிறது. மின்னழுத்தம் குறைந்தால் இந்த வீண் நேரம் கூடுகிறது. கன்ட்ரோலர் இதை அறியும். தனக்கு வரும் மின்னழுத்தத்தைப் பார்த்து அதற்கேற்பத் துடிப்பை, அதாவது இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுக்கும் நேரத்தை, நீட்டிக் கொடுக்கும். ஆனால் கன்ட்ரோலருக்கு ஒரு கம்பியிலும் இன்ஜெக்டர்களுக்கு வேறொரு கம்பியிலும் மின்சாரம் போகும் விமானத்தில், இன்ஜெக்டர் பக்கம் மட்டும் மின்னழுத்தம் விழுந்தால் கன்ட்ரோலருக்கு அது தெரியவே தெரியாது.

எடுத்துக்காட்டாக, ஒரு ரோட்டருக்கு 7 மில்லி விநாடி அளவுக்குப் பெட்ரோல் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொகுதி மட்டும் இயங்கும்போது கன்ட்ரோலர் 8 மில்லி விநாடித் துடிப்புக் கொடுக்கிறது. ஒன்று வீண், ஏழு பயன். மின்னழுத்தம் விழுந்து வீண் நேரம் ஒன்றரை ஆகிவிட்டால் கிடைப்பது ஆறரை, அதாவது 7 சதவீதம் குறைவு. இன்ஜின் இதைத் தாங்கிக்கொண்டு ஓடிவிடும். இரண்டாவது தொகுதியும் சேரும்போது அதே தேவை இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் நாலரை மில்லி விநாடித் துடிப்பு. அதில் ஒன்றரை வீணானால் மிஞ்சுவது மூன்று, தேவையோ மூன்றரை. இப்போது குறைவு 14 சதவீதம். கம்பியில் இருக்கும் குறை ஒன்றே. தொகுதி சேர்ந்த மாத்திரத்தில் அதன் விளைவு இரட்டிப்பாகிறது. கீழே சீராக ஓடும் இன்ஜின் மேலே திணறுவதற்கு இந்தக் கணக்கே போதும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது கொட்டகைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இன்ஜின் உயரத்தில் இருந்ததால் தப்பியது. தரையோரம் கிடந்த சில கம்பிகள் நனைந்தன. துடைத்துக் காய வைத்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று நம்பினோம். சித்திரை வெயிலில் மறுபடி ஓட்டத் தொடங்கியபோது திணறல் தொடங்கியது. வெயில் காலம் என்பதால் எரிபொருள் பம்பின் வாயில் பெட்ரோல் ஆவியாகிறது என்றே முடிவு கட்டினோம். பம்பைச் சுற்றி வெப்பத் தடுப்பு வைத்தோம், ரிட்டர்ன் லைனைத் தொட்டிக்கே கொண்டுபோனோம், ஃபில்டரை மாற்றினோம். இன்ஜெக்டர்களைப் புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழுவிப் பாய்ச்சல் பார்த்ததில் நான்கும் சமமாகவே பாய்ந்தன. பிறகு மேப்பில் எரிபொருளைக் கூட்டினோம். காலையில் சரியாக ஓடியது. மாலையில் கரும்புகை கக்கியது. அடுத்த நாள் மறுபடி திணறியது.

வழி தெரிந்தது தற்செயலாகத்தான். புறப்படும் நேரத்தில் பாதுகாப்புக்காக இரண்டு பம்புகளையும் ஓட வைப்பது வழக்கம் என்பதால், தரைச் சோதனையிலும் அப்படியே செய்துவந்தோம். ஒரு நாள் திணறலின் நடுவே மைத்துனர் இரண்டாவது பம்பை அணைத்தார். இன்ஜின் உடனே தெளிந்து ஓடியது. மீண்டும் போட்டார், மீண்டும் திணறியது. இரண்டு பம்பும் சேர்ந்து அழுத்தத்தைக் கூட்டிப் பெட்ரோலை அதிகமாக்குகின்றன என்று அவர் சொன்னார். ஆனால் அழுத்த சென்சார் இரண்டு நிலையிலும் 3 பாரிலேயே அசையாமல் நின்றது. அழுத்தம் மாறவில்லை, ஆனால் இன்ஜின் மாறுகிறது என்றால், அந்தப் பம்பு மாற்றியது பெட்ரோலை அல்ல, மின்சாரத்தை.

ஆலையில் பழகிய முறையில், பேட்டரியின் நேர்முனையில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும், இன்ஜெக்டர் பிளக்குக்கு வரும் நேர்க்கம்பியில் மறுமுனையையும் வைத்து, நீண்ட கம்பிகளால் மீட்டரைக் காக்பிட்டுக்குள் கொண்டுவந்து ஓட்டினோம். ஒரு பம்பு ஓடும்போது 1.1 வோல்ட் காட்டியது. இரண்டும் ஓடும்போது 2 வோல்ட்டைத் தொட்டது. அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. பம்புகளுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் பொதுவாகப் போன கம்பியில், ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும்) உறைக்குள் இருந்த ஒரு லக்கை (கம்பி முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) அறுத்துப் பார்த்தால், கம்பியை நசுக்கிப் பிடித்திருந்த கிரிம்ப் முழுவதும் பச்சைக் களிம்பு. செம்பு இழைகளில் பாதி பொடியாகியிருந்தது. உப்புக்காற்றும் புயல் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை அது. அதே லக்கை மல்டிமீட்டரின் ஓம் அளவையில் முன்பே பார்த்திருந்தோம், 0.3 என்று காட்டியது. மீட்டரின் சொந்தக் கம்பிகளே 0.2 காட்டும் என்பதால் நல்லதென்று விட்டுவிட்டோம். பத்து ஆம்பியர் ஓடும் கம்பியில் அந்த மிச்சம் 0.1 ஓமே ஒரு வோல்ட்டை விழுங்கும். இன்ஜின் சூடேறி அதிரும்போது அந்த ஓமும் கூடும். ஆகவே மின்சாரம் ஓடாத கம்பியில் ஓம் பார்ப்பதை நம்பாதீர்கள். சுமையோடு ஓடும்போது வோல்ட் விழுவதைப் பாருங்கள்.

அழுத்தம் மாறாததற்கும் காரணம் இருக்கிறது. பம்பு இன்ஜினின் தேவையைவிட மிக அதிகமாகத் தள்ளி, மிச்சத்தை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகத் தொட்டிக்குத் திருப்புகிறது. பம்புக்கு 11 வோல்ட்தான் கிடைத்தாலும் அந்த உபரி குறையுமே தவிர, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயான ரெயிலில் அழுத்தம் குறையாது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதால் மின்சாரமும் சரியாக இருக்கிறது என்று எண்ணியதுதான் எங்களுடைய பெரிய பிழை.

வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனித்தனிக் கம்பி, தனித்தனி ஃப்யூஸ் என்று மாற்றிய பிறகு வீழ்ச்சி 0.15 வோல்ட்டுக்கு வந்தது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்யும் ஒருவர் சொன்னபடி, ஒவ்வொரு லக்கின் மேலும் கிரீஸ் பூசியிருக்கிறோம். கடற்கரையோரம் விமானம் கட்டுகிறவர் படகுக்காரரின் பழக்கங்களைக் கற்றுக்கொள்வது நல்லது என்று உண்மையாகவே நம்புகிறேன். மேப்பில் நாங்கள் கூட்டியிருந்ததையெல்லாம் பழைய எண்ணுக்கே திருப்ப வேண்டியிருந்தது. அப்படித் திருப்பாமல் ஓட்டிய முதல் ஓட்டத்தில் ஸ்பார்க் பிளக்குகள் கரியேறி அணைந்தன. உங்கள் மேப்பின் முதல் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வெளியேறு வாயுவில் ஆக்சிஜனை அளந்து கலவையைச் சொல்லும் லாம்டா சென்சாரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தீப்பொறி தவறி எரியாமல் வெளியேறும் கலவையில் ஆக்சிஜனும் அப்படியே வெளியேறுவதால், பெட்ரோல் மிகுந்து திணறும் இன்ஜினிலும் சென்சார் பெட்ரோல் குறைவு என்றே சொல்லும். எனவே திணறும் கணத்தில் அதன் எண்ணை மட்டும் நம்பி மேப்பைத் திருத்தக் கூடாது. உங்கள் கன்ட்ரோலரில் கலவைக் குமிழ் இருந்தால், திணறும்போது மெதுவாகப் பெட்ரோலைக் கூட்டும் பக்கம் திருப்புங்கள். தெளிந்தால் குறைவு, மோசமானால் மிகுதி. இரண்டிலும் மாற்றமில்லையென்றால் பற்றவைப்பின் பக்கம் போங்கள்: ஒவ்வொரு ரோட்டருக்கும் உள்ள இரண்டு ஸ்பார்க் பிளக்குகளில் முதலில் பொறிக்கும் லீடிங் பிளக்குகளையும் மற்ற டிரெய்லிங் பிளக்குகளையும் தனித்தனியாக அணைத்துச் சுழற்சி எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரோட்டரி இன்ஜினின் வெளியேறு வாயு மிகவும் சூடானது. சென்சாரை வாய்க்கு அருகில் வைத்திருந்தால் அது சீக்கிரம் கெட்டுப் பொய் சொல்லத் தொடங்கும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலும் அதைக் கெடுக்கும்.

நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை அப்படியே ஏற்றியிருந்தால், தொடக்கத்திலேயே ஏறத்தாழ 7 சதவீதம் குறைவாகத்தான் ஓடுகிறீர்கள். அதன் மேல் கம்பியின் 14 சதவீதமும் சேர்ந்தால் இன்ஜின் திணறுவதில் வியப்பில்லை. ஆனால் எத்தனாலால் வரும் குறைவு எல்லா வேகத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் வராது, நாளுக்கு நாள் மாறவும் மாறாது. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் பல வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் தொட்டியின் அடியில் தங்கியதை வடித்துப் பாருங்கள். ஆவி அடைப்பை அடையாளம் காண்பது எளிது: அப்போது அழுத்தம் நிலையாக நிற்காது, நடுங்கும்.

சோதனையின்போது புரொப்பெல்லர் சுழலும் தளத்தில், முன்னாலும் பக்கவாட்டிலும், யாரும் நிற்கக் கூடாது. பெட்ரோல் குழாயைக் காக்பிட்டுக்குள் கொண்டுவந்து அழுத்தமானி பொருத்த வேண்டாம். மின் சென்சாரே போதும். இந்தக் கோளாறு தீர்ந்து, பகல் வெயிலில் முழுத் த்ராட்டிலில் பல முறை தவறாமல் ஓடும் வரை, விமானத்தைத் தரையில் உருட்டி ஓட்டும் டாக்ஸியில்கூட வேகமெடுக்காதீர்கள்.

மூன்று அளவீடுகள் எனக்கு வேண்டும்: பேட்டரியின் நேர்முனைக்கும் இன்ஜெக்டர் பிளக்குக்கும் இடையே, ஒரு பம்பு ஓடும்போதும் இரண்டும் ஓடும்போதும் விழும் வோல்ட், அதே நேரத்தில் கன்ட்ரோலர் தன் மின்னழுத்தம் என்று காட்டும் எண், இன்ஜின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே விழும் வோல்ட். அளந்து கீழே எழுதுங்கள்; இரண்டாவது தொகுதியின் வீண் நேரத்தை எப்படித் திருத்துவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.