வீடு வாசல் கேள்வி பதில்: முதலில் கையால் தள்ளிப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேட், ஷட்டர், காராஜ் கதவு பற்றித்தான். தீபாவளிக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அதிகம் என்பதால் இருக்கலாம். சரி, இந்த முறை சமையலறை, கூரைக் கசிவு எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு வாசலிலேயே நிற்போம்.

கேள்வி: எங்களுடையது 20க்கு 70 அடி டெரஸ் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியதில் நடு வீடு. பழைய இரும்பு கேட், இரண்டு பக்கமும் உள்ளே திறக்கும். பழைய காருக்குச் சிரமம் இல்லை. இப்போது அல்சா வாங்கியிருக்கிறோம், கார் உள்ளே நின்றால் கேட் அதன் பின்பக்கத்தில் இடிக்கிறது. ஒரு கடையில் ஸ்லைடிங் போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் மடிப்பு கேட். எது சரி, ஐயா?
– வாசகி, கெப்போங்

பதில்: அக்கா, கடைக்குப் போவதற்கு முன் ஓர் அளவு நாடாவோடு போர்ச்சுக்குப் போங்கள். உங்கள் மாதிரி வீட்டில் கேட் வாசல் பெரும்பாலும் 14 அடி இருக்கும், அதாவது ஒரு கதவு 7 அடி. போர்ச்சின் நீளம் 20 அடி என்று வைத்துக்கொள்வோம், அல்சா ஏறக்குறைய பதினாலரை அடி, மீதி ஐந்தரை அடிதான். அந்த இடத்தில் 7 அடிக் கதவு எப்படித் திரும்பும்? அதே கதவு நடுவில் மடிந்தால் உள்ளே வருவது மூன்றரை அடி. கார் நின்றாலும் கேட் திறக்கும், ஆள் நடந்து போகலாம். ஸ்லைடிங் கேட் ஒதுங்கி நிற்க, வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவு மதில் பக்கத்தில் வேண்டும். 20 அடி வீட்டில் 14 அடி போனால் மிச்சம் ஆறு. அது மூலை வீட்டுக்கும், இரண்டு வீடு மட்டும் ஒட்டி நிற்கும் செமி-டிக்கும் பொருந்தும், நடு வீட்டுக்குப் பொருந்தாது. அதனால் உங்களுக்கு மடிப்பு கேட்தான்.

ஆனால் அங்கே ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். தரையில் தண்டவாளம் இல்லாத மடிப்பு கேட்டின் முழுப் பாரமும் தூணில்தான் தொங்குகிறது. நம் தாமான் குடியிருப்பு வீடுகளின் பழைய செங்கல் தூண் அதைத் தாங்குமா என்று யாராவது தட்டிப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால், உள்ளே இரும்புத் தூண் இறக்கி கான்கிரீட் போட்டுத்தான் மாட்ட வேண்டும். கேட்டுக்குச் செலவழிக்கிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்கிறார்கள், ஒரு வருடத்தில் கதவு தொங்கிப் போய் இரண்டு பக்கமும் நடுவில் சேராமல் நிற்கிறது. அப்புறம் மோட்டாரைக் குறை சொல்கிறோம்.

மோட்டார் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இந்த மாதம் எழுதிய எல்லாருக்கும் சேர்த்துத்தான். மோட்டார் போடுவதற்கு முன் கேட்டை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும், தானாக ஓடக்கூடாது, எங்கேயும் உரசக்கூடாது. கையால் லேசாக நகராத கேட்டை எந்த மோட்டாரும் நல்ல கேட்டாக மாற்றாது, இழுத்து இழுத்து அதுவே கியர் தேய்ந்து போகும். என் அப்பா கிரில் பட்டறையில் வேலை செய்தவர். கேட்டை மாட்டியதும் என்னைத்தான் கூப்பிடுவார், அப்போது எனக்கு ஒன்பது வயது. நான் ஒரு கையால் திறந்து மூடினால்தான் வீட்டுக்காரரிடம் காசு வாங்குவார். இன்றைக்கும் எனக்கு அதைவிட நல்ல சோதனை தெரியவில்லை.

தரைச் சரிவையும் பாருங்கள். மழைத் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று போர்ச் தரையை ரோட்டுப் பக்கம் இறக்கியிருப்பார்கள். கேட் உள்ளே திறக்கும்போது தரை ஏறிக்கொண்டே வரும், 7 அடிக்கு இரண்டு அங்குலம் ஏறினாலும் கீழ்ப்பகுதி தட்டும். மடிப்பில் தூரம் குறைவு என்பதால் அடியில் விடும் இடைவெளியும் குறையும், எலி நுழையாது.

இன்னொன்று. கல்யாணம், காரியம், தீபாவளித் திறந்த இல்லம் என்று நம் வீடுகளில் வாசலை முழுதாகத் திறந்துவைக்க வேண்டிய நாட்கள் உண்டு. கூடாரம் போர்ச்சிலிருந்து ரோடு வரை நீளும், நாற்காலி லோரி வரும், சில சமயம் பெட்டியை நாலு பேர் தோளில் எடுத்து வருவார்கள். அன்றைக்குக் கேட் குறுக்கே நிற்கக்கூடாது. வாங்கும்போதே முழுதாக எவ்வளவு திறக்கும் என்று கேளுங்கள்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட் போட்டோம். துருவே பிடிக்காது என்றார்கள். இப்போது பழுப்புப் புள்ளிகள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அசல்தான் என்கிறார் போட்டவர். ஏமாந்துவிட்டோமா?
– வாசகர், தஞ்சோங் பூங்கா, பினாங்கு

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் காந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 316லும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 201லும் ஒட்டாது. மூன்றும் கடையில் ஒரே மாதிரி பளபளக்கும்.

கெப்போங்கில் 304 பல வருடம் தாங்கும். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி பக்கம் கடல் உப்புக் காற்றோடு வந்து கேட்டில் உட்காருகிறது, அங்கே 304லும் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு படியும். 316ல் மாலிப்டினம் என்ற உலோகத்தை இரண்டு மூன்று சதவீதம் சேர்ப்பார்கள், உப்பை எதிர்ப்பது அதுதான். விலை கூடுதல், ஆனால் கடலுக்கு எதிரே வீடு வைத்திருப்பவர் ரகத்தின் எண்ணைக் கொட்டேஷனில் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

இப்போது இருப்பதைக் காப்பாற்றலாம். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மழை படாத இடங்களில்தான் கறை அதிகம் வரும், கேட்டின் உள்பக்கம், கம்பியின் அடிப்பக்கம், அங்கேதான் உப்பைக் கழுவ யாரும் இல்லை. இரும்பு நாரால் தேய்க்காதீர்கள், அதன் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். குளோராக்ஸ் மாதிரி பிளீச்சும் வேண்டாம். வெல்டிங் போட்ட இடங்களில் மட்டும் கறை என்றால், போட்டவர் வெல்டிங்குக்குப் பிறகு ஆசிட் பசை தடவிச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம், அதை அவரையே வந்து செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த முறை மாற்றுவதாக இருந்தால் பவுடர் கோட்டிங் போட்ட அலுமினியத்தையும் யோசியுங்கள். எடை குறைவு, தூணுக்கும் மோட்டாருக்கும் நல்லது. அலுமினியமும் சாதா இரும்பும் நேராகத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், நடுவில் பிளாஸ்டிக் வாஷர் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கேட் கிழக்குப் பார்த்து உள்ளேதான் திறக்க வேண்டுமா? வெளியே திறந்தால் லட்சுமி தங்க மாட்டாள் என்கிறார் மாமியார்.
– வாசகி, பூச்சோங்

பதில்: மாமியார் சொன்னபடி உள்ளேயே திறக்கட்டும். ரோடும் லோங்காங்கும், அதாவது சாக்கடையும், நம்முடைய நிலம் இல்லை, வெளியே திறக்கிற கேட் சைக்கிளில் போகிற பிள்ளையின் முகத்தில் படும். திசை வீடு கட்டும்போதே முடிவாகிவிட்டது, அதற்காகத் தூணை உடைக்காதீர்கள்.

கேள்வி: பங்சாரில் பழைய பங்களா ஒன்றை வாங்கியிருக்கிறோம். இரண்டு கார் நிற்கும் மூடிய காராஜ், அதன் மேலே படுக்கையறை. வெளிநாட்டு வீடுகளில் பார்ப்பது போல் பலகை பலகையாக மேலே ஏறிப் போகும் கதவு போட ஆசை. ரோலர் ஷட்டர் போதும் என்கிறார் அண்ணன். எங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, நம் ஊரில் மூடிய காராஜ் குறைவு, அதனால் இந்தக் கதவைப் பற்றி அனுபவத்தோடு பேசுகிறவர்களும் குறைவு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வாசலின் மேல் விளிம்புக்கும் உத்தரத்துக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பாருங்கள். பலகைக் கதவு வளைந்து மேலே போய் உத்தரத்தை ஒட்டிப் படுக்கும், அதற்குச் சாதாரணமாக ஓர் அடி வேண்டும், குறைவாக இருந்தால் தனி அமைப்பு, தனிச் செலவு. ஷட்டர் வாசலுக்கு மேலேயே சுருண்டுகொள்ளும், உத்தரம் காலியாக இருக்கும், மின்விசிறி, விளக்கு மாட்டலாம். ஆனால் ஷட்டர் சத்தம் போடும், மேலே படுக்கையறை என்றால் இரவு பதினொரு மணிக்கு நீங்கள் வரும்போது பிள்ளை எழுந்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் வீட்டுக்கு நான் பலகைக் கதவைத்தான் சொல்வேன்.

நடுவில் பாலியூரத்தேன் நுரை வைத்த பலகை குளிர் நாட்டுக்காகச் செய்தது என்பார்கள். மேற்குப் பார்த்த வாசல் என்றால் இங்கேயும் அது தேவைதான், நாலு மணி வெயிலில் வெறும் தகடு கொதிக்கும், அந்தச் சூடு மேலே அறைக்குப் போகும். கிழக்கோ வடக்கோ என்றால் அந்தக் காசைக் காற்று வரும் ஜன்னலுக்குச் செலவழியுங்கள். மூடிய காராஜில் கார் எஞ்சினை ஓடவிடவே கூடாது, ஒரு நிமிடம்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, மேலே தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.

இப்போது முக்கியமானது, ஸ்பிரிங். இரண்டு கார் அகலக் கதவு 100 கிலோவைத் தொடும். அதைத் தூக்குவது மோட்டார் என்று எல்லாரும் நினைக்கிறோம். தூக்குவது வாசலுக்கு மேலே முறுக்கிவைத்த ஸ்பிரிங், மோட்டார் லேசாகத் தள்ளிவிடுவதோடு சரி. கெப்போங் அக்காவுக்குச் சொன்ன கைச் சோதனை இங்கேயும் உண்டு. கதவு முழுதாக மூடியிருக்கும்போது மோட்டாரின் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை அதிலிருந்து விடுவியுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கதவைக் கையால் மெதுவாக இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரியாக முறுக்கப்பட்டிருக்கிறது. தூக்கவே கனமாக இருந்தாலோ கீழே இறங்கினாலோ பணம் முழுதாகக் கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்குகளை வழக்கமாக 10,000 தடவை ஏறி இறங்குவதற்கென்று செய்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் ஒரு நாள் வெடி போட்ட மாதிரி சத்தத்தோடு உடையும், பயப்பட வேண்டாம், ஆனால் அதை நீங்களோ அண்ணனோ தொடவே கூடாது. முறுக்கில் இருக்கும் ஸ்பிரிங் கையை முறித்துவிடும், வேலை தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

பிள்ளைகளுக்காக: வாசலின் இரு ஓரத்திலும், தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், ஒளிக்கதிர் சென்சார் வேண்டும். அதைவிட உயரமாக வைத்தால் தவழ்கிற பிள்ளையையும் படுத்திருக்கும் பூனையையும் அது பார்க்காது. அமெரிக்காவில் 1993 முதல் செய்யும் வீட்டுக் காராஜ் மோட்டார்களுக்கு ஆள் சிக்காமல் தடுக்கும் அமைப்பு கட்டாயம். இங்கே விற்பவரிடம் நாமே கேட்டு வாங்க வேண்டும், கூடுதல் செலவு என்று விட்டுவிடாதீர்கள். மாட்டிய அன்றே ஒன்றரை அங்குலக் கட்டையைத் தரையில் படுக்கவைத்துக் கதவை இறக்குங்கள், தட்டியதும் திரும்ப ஏற வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை இதையே செய்யுங்கள்.

கேள்வி: லிட்டில் இந்தியாவில் தாத்தா காலத்துக் கடைவீடு. மரக் கதவைக் கழற்றிவிட்டு ஷட்டர் போட்டால் பாதுகாப்பா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: அவசரப்படாதீர்கள். ஜார்ஜ்டவுன் 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, லிட்டில் இந்தியா அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. முகப்பில் கை வைப்பதற்கு முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் கேளுங்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மரக் கதவை இன்றைக்குச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். பாதுகாப்புதான் கவலை என்றால் அதற்கு உள்பக்கம், ஐந்தடி நடைபாதையிலிருந்து தெரியாதபடி, மடக்கும் இரும்பு கிரில் போடலாம். கதவு தாத்தா வைத்த இடத்திலேயே இருக்கும்.

கேள்வி: அம்மா பகலில் தனியாக இருக்கிறார், 74 வயது. போன மாதம் இடி இடித்துக் கரண்ட் போய், ஆட்டோகேட் திறக்கவில்லை, கிளினிக்குக்குப் போக முடியாமல் இரண்டு மணி நேரம் உள்ளேயே இருந்தார். எந்த மோட்டாருக்கு மாறலாம்?
– வாசகி, ஷா ஆலம்

பதில்: படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது, அம்மா. பேட்டரி உள்ள டிசி மோட்டாராக இருக்கட்டும், கரண்ட் போனாலும் பல தடவை திறக்கும். அந்தப் பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும், மாற்றும் தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள். இடிக்காக, மோட்டாருக்கு வரும் மின்கம்பியில் சர்ஜ் புரொடெக்டர் போடச் சொல்லுங்கள்.

தரைக்குள் புதைக்கும் மோட்டார் பார்க்க அழகு, ஆனால் உங்கள் பக்கம் வேண்டாம். 2021 டிசம்பரில் உங்கள் ஊர்த் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் எப்படி முழுகியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டின் மேல் மாட்டும் ஆர்ம் வகை போதும், கன்ட்ரோல் பெட்டியைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். ரிமோட், அழுத்தும் ஒவ்வொரு தடவையும் கோட் மாறும் ரோலிங் கோட் வகையா என்று கேளுங்கள், நிலையான கோட் என்றால் சாவி வெட்டும் கடையில் ஒரு நிமிடத்தில் நகல் எடுத்துவிடுவார்கள்.

எந்த மோட்டார் வாங்கினாலும் கையால் விடுவிக்க ஒரு சாவி தருவார்கள். பல வீடுகளில் அது கவர் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது, அம்மா மாட்டிக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதைச் சிவப்புக் கயிற்றில் கட்டிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீங்கள் எதுவும் தொடாமல், அம்மாவே சாவி போட்டுக் கேட்டைத் தள்ளித் திறக்கட்டும். அவர் கைக்கு அது கனமாக இருந்தால் மோட்டார் கடைக்குப் போகாதீர்கள், கீலைப் பார்க்க ஒரு கிரில்காரரைக் கூப்பிடுங்கள்.