ஆட்டுக் கண்ணில் பூ: சொட்டு மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் பன்னிரண்டு ஆடு வளர்க்கிறேன். போன மாதம் வாங்கி வந்த கிடாவுக்குத்தான் முதலில் கண்ணீர் வடிந்தது. இப்போது மூன்று ஆட்டுக்குப் பீளை தள்ளுகிறது, ஒன்றுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. கிளினிக்கில் எனக்குக் கொடுத்த குளோரம்பெனிகால் சொட்டு மருந்து மீதி இருந்தது. காலை மாலை விடுகிறேன். முயல் கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் சோதித்ததில் குணமானது என்று மகன் படித்துச் சொன்னான். என் ஆட்டுக்கு ஏன் கேட்கவில்லை? தீபாவளிக்குக் கிடாவை விற்க வேண்டும்.

பதில்: முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். மனிதர் கண்ணுக்கு நல்ல மருந்துதான். ஆனால் இறைச்சிக்கு வளர்க்கும் பிராணிக்குக் குளோரம்பெனிகால் கொடுக்க மலேசியாவில் தடை இருக்கிறது. இறைச்சியில் தங்கும் மிச்சம், அரிதாகத்தான் என்றாலும், தின்பவருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதையே கெடுத்துவிடலாம். விட்டதை மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிடாவை எப்போது விற்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மகன் படித்தது பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் அரை மணிக்கொரு தடவை, மணிக்கொரு தடவை சொட்டு விடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அதற்கென்றே ஆள் உண்டு. முயல் கண் சிமிட்டுவதும் மணிக்குச் சில தடவைதான், அதனால் மருந்து கொஞ்ச நேரம் நிற்கும். உங்கள் ஆட்டுக்கோ கண்ணீர் கொட்டுகிறது. விட்ட சொட்டில் பாதி கன்னத்தில் வழியும், மீதியைச் சில நிமிடத்தில் கண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். காலை மாலை விட்டால் நடுவில் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்.

ஆட்டுக்கு இந்த நோய் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா என்ற கிருமிகளால் வருகிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. அந்தச் சுவரை உடைக்கும் பெனிசிலின் வகை அதனிடம் பலிக்காது. டெட்ராசைக்ளின் வகை இரண்டுக்கும் கேட்கும். அதைச் சொட்டாக வாங்காமல் கண் களிம்பாகக் கேளுங்கள், கண்ணில் ஒட்டி நிற்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைத்து, கீழிமையை இழுத்து, அரிசி நீளத்துக்குப் பிதுக்குங்கள். நாளுக்கு மூன்று நான்கு தடவை. டியூப் முனை கண்ணில் பட்டால் அடுத்த ஆட்டுக்கு நோயை நீங்களே கொண்டுபோகிறீர்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு.

ஸ்டீராய்டு கலந்த மருந்தைச் சும்மா வாங்கி விடாதீர்கள். சிவப்பு இரண்டு நாளில் தெளிந்த மாதிரி இருக்கும். கருவிழியில் புண் இருந்தால் உள்ளே ஆழமாகிவிடும். புண் இருக்கிறதா என்று மருத்துவர் ஒரு சாயம் விட்டுப் பார்ப்பார், புண் இருந்த இடம் பச்சையாகப் பிடிக்கும். உப்புத்தூள் ஊதுகிற வைத்தியமும் வேண்டாம், பாவம் அது!

பல ஆட்டுக்குப் பரவிவிட்டதால் மருத்துவர் நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியும் போடலாம். போட்டால் இறைச்சிக்கு விட வேண்டிய இடைவெளி குப்பியில் இருக்கும். சிலவற்றுக்கு 28 நாள். அதைத் தீபாவளித் தேதியோடு கணக்குப் பாருங்கள்.

நோய்ப்பட்டவற்றைப் பிரித்து நிழலில் கட்டுங்கள், வெயில் அந்தக் கண்ணுக்கு ஆகாது. பார்வை மங்கியது தொட்டியைத் தேடி அலையாமல் தீனியும் தண்ணீரும் வாய்க்கு எட்ட வையுங்கள். செம்பனைப் புண்ணாக்கை நனைத்துப் போடுங்கள். அந்தத் தூசியும் லாலாங் புல் நுனியும் கண்ணை உறுத்தி வழி திறந்துவிடும். சாணத்தை அள்ளினால் ஈ குறையும். இனி வாங்கும் ஆட்டை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் விடுங்கள்.

பூ விழுந்த கண் பல நேரம் சில வாரத்தில் தெளிந்துவிடும். கருவிழி நடுவில் குழி விழுந்தாலோ, முன்னால் பிதுங்கினாலோ காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.