கிட்டார், வயலின் வாசிப்பை மொபைலில் நல்ல தரத்தில் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம்?

மைக்கின் பெயரைத் தேடும் முன், ஒலி உங்கள் போனுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பலர் ஏமாறுவது அங்கேதான்.

போனிலேயே இருக்கும் மைக் அவ்வளவு மட்டமில்லை. அதைக் கெடுப்பது பின்னால் ஓடும் மென்பொருள். பேச்சுக்காக வைத்த தானியங்கி ஒலியளவும் இரைச்சல் நீக்கியும் வாத்தியத்துக்கு ஆகாது. கிட்டார் தந்தியை ஒருமுறை மீட்டி, நாதம் அடங்கும்வரை பதிவு செய்து கேளுங்கள். நாதம் அடங்க அடங்க அறையின் இரைச்சல் மேலே எழுந்தால் அது தானியங்கி ஒலியளவின் வேலை. நாதத்தின் வால் பாதியில் வெட்டுப்பட்டால், இரைச்சல் நீக்கி அதையும் ஃபேன் சத்தம் என்று எண்ணித் துடைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 7 முதல், போன் இடம் கொடுத்தால், செயலிகள் எதுவும் செய்யாத மூல ஒலியைக் கேட்டு வாங்க முடியும். அந்த வசதியும் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்கும் வசதியும் உள்ள ஒரு ரெக்கார்டிங் செயலியை முதலில் போட்டுப் பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் காசு மிச்சம்.

3.5 மி.மீ. பின் உள்ள காலர் மைக் வேண்டாம். போனின் அந்தத் துளை ஒரே ஒரு சேனலைத்தான் உள்ளே வாங்கும், ஸ்டீரியோ கிடைக்காது. பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. கேமரா பின்னைப் போனில் செருகினால் எந்த எச்சரிக்கையும் வராது; போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். எந்த மைக்கை வாங்கினாலும் பதிவை ஓடவிட்டு அதை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டல் பெரிதாகக் கேட்டால்தான் அது வேலை செய்கிறது. ப்ளூடூத் ஹெட்செட் மைக்கை யோசிக்கவே வேண்டாம்: பெரும்பாலானவற்றில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது, வயலினின் பளபளப்பு போய்விடும்.

தனியாக வாசிப்பவருக்கு என் பரிந்துரை, போனிலேயே நேராகச் செருகும் டிஜிட்டல் ஸ்டீரியோ மைக். ஐபோன் 15 முதலும், இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களிலும் யூஎஸ்பி-சி. ஐபோன் 5 முதல் 14 வரை லைட்னிங். அதற்கு ஷூர் எம்வி88 போன்றவை உண்டு. அது மிட்-சைடு வகை: ஒலியை வாங்கும் ஒரு கேப்ஸ்யூல் முன்னால் பார்க்கும், மற்றொன்று இரு பக்கமும் கேட்கும். இதனால் ஒலியின் அகலத்தைச் செயலியில் மாற்றலாம். மோனோவாக்கினால் பக்க ஒலி தானே கழிந்து, முன் ஒலி சுத்தமாக நிற்கும்.

மூன்று முள் கேபிளில் இணையும் ஸ்டுடியோ வகை எக்ஸ்எல்ஆர் கண்டென்சர் மைக் ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும், அதைப் போனுடன் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். தனி டிரைவர் மென்பொருள் கேட்காத, மின்சாரத்துக்கு இன்னொரு போர்ட் உள்ள மாடலாக இருக்கட்டும். மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஸ்விட்சைப் போட்டதும் இன்டர்ஃபேஸ் துண்டித்துக்கொண்டால், போனால் அவ்வளவு மின்சாரம் தர முடியவில்லை என்று அர்த்தம். பவர் பேங்க் இணையுங்கள். சுவர் சார்ஜரில் 'ஹம்' என்ற ரீங்காரம் வரக்கூடும்.

விவரப் பட்டியலில் இரண்டு எண்கள் முக்கியம். மைக் தானே உண்டாக்கும் சுய இரைச்சல்: நைலான் தந்தி கிட்டார் போன்ற மென்மையான வாத்தியத்துக்கு 20 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும். அடுத்தது தாங்கும் அதிகபட்ச ஒலி: தோல் வாத்தியத்தை நெருக்கத்தில் பதிவு செய்ய 130 டெசிபெல் அளவுக்காவது வேண்டும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். மிகச் சத்தமான இடத்தை வாசித்து, செயலியின் ஒலியளவு மீட்டர் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி கெயினை (உள்வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) குறையுங்கள். சிறிய ஒலியைப் பிறகு கூட்டலாம், உடைந்த ஒலியை ஒட்ட முடியாது.

மைக்கை ஒரு சாண் நகர்த்துவது, புது மைக் வாங்குவதைவிடப் பெரிய வித்தியாசம் தரும். கிட்டாரில் ஒலித்துளைக்கு நேரே வைத்தால் கீழ்ஸ்தாயி குமுறும். 12-வது ஃப்ரெட்டுக்கு நேரே 20 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். வயலினுக்கு மேலிருந்து 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. நெருங்கினால் வில்லின் உரசல்தான் முதலில் விழும். புல்லாங்குழலுக்கு மூச்சுக் காற்றின் பாதையிலிருந்து விலக்கி, சற்று மேலே. போனை வெறும் மேசைமேல் படுக்க வைக்காதீர்கள். மேசையின் எதிரொலியும் அதிர்வும் சேரும். ஏரோப்ளேன் மோடு கட்டாயம். கேட்டுக்கொண்டே வாசிக்க ஒயர் ஹெட்ஃபோன். ப்ளூடூத்தில் ஒலி பிந்தி வந்து தாளம் தடுமாறும்.

வீடியோவும் வேண்டுமா? பல ஆண்ட்ராய்டு போன்களின் கேமரா செயலி வெளி மைக்கைக் கண்டுகொள்ளாது. ஒலி மூலத்தைத் தேர்ந்தெடுக்கவிடும் வீடியோ செயலி தேவை. தனி ரெக்கார்டரில் ஒலியை எடுத்தால் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கைதட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் சரியாக ஒன்றாக ஓடாது. நீண்ட கச்சேரியில் முடிவுக்கு வரும்போது உதடும் விரலும் ஒலியிலிருந்து விலகியிருக்கும், எவ்வளவு என்பதை அந்த இரண்டாவது தட்டுதான் காட்டும்.